முகம் காட்டாத பாடகரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: பாரிஸ் ராப் கலைஞர் நெபாலை முன்வைத்துக் கொங்கு நாட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

நாடறிந்த ஒரு பாடகரின் வாழ்க்கையை எழுத நம்மிடம் பழகிய தடம் ஒன்று உண்டு. பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு, முதல் வாய்ப்பு, புகழ், விருது, மறைவு என்று அந்தத் தடத்திலேயே நடந்தால் கட்டுரை தானாக முடிந்துவிடும். பாரிஸ் நகரத்து ராப் கலைஞர் நெபாலைப் பற்றி எழுத உட்காருபவருக்கு அந்தத் தடம் முதல் பத்தியிலேயே அற்றுப்போகும். அவர் தம் முகத்தைக் காமிராவுக்கு மறைத்தே வைத்திருந்தார். விளம்பர வெளிச்சத்திலிருந்து விலகியே இருந்தார். 2019 நவம்பர் 9 அன்று இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தச் செய்திகூடச் சில நாட்கள் கழித்துத்தான் ரசிகர்களைச் சென்றடைந்தது.

கோபிசெட்டிபாளையத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்புக் குழுவில் இவரைப் பற்றி எழுதலாம் என்று நான் சொன்னபோது, கல்லூரி மாணவர் ஒருவர், "ஏனுங்கண்ணா, மொகத்தையே காட்டாதவரப் பத்தி நாம என்னத்த எழுதோணும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி அது. மறைந்து வாழ்ந்த கலைஞரின் வரலாற்றை அவர் படைப்பிலிருந்து எழுத வேண்டும், அவர் மூடிவைத்ததைத் திறக்காமலேயே எழுத வேண்டும் என்பதுதான் அதற்கு நான் கண்டுபிடித்த விடை. அதை எப்படிச் செய்வது என்பதை, நானே தவறிய இடங்களையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்துக் காலவரிசை எழுதுங்கள். இரண்டு இடங்களில் ஒத்துப்போகாத எந்த ஆண்டையும் அதில் ஏற்றாதீர்கள். நெபாலுக்கு அந்தத் தாள் மிகச் சிறியதாகவே அமையும். டூம்ஸ் என்ற ராப் கலைஞரோடு சேர்ந்து '2ஃபிங்ஸ்' என்ற இரட்டையராகப் பாடினார். பாரிஸ் மாவட்டத்தின் எண்ணான 75ஐப் பெயரிலேயே தாங்கிய '75ஆம் செசியோன்' என்ற நண்பர் கூட்டத்தைச் சேர்ந்தவர். 2016இல் '444 இரவுகள்' என்று பொருள்படும் தலைப்பிலும், 2017இல் '445ஆம் இரவு' என்ற தலைப்பிலும், 2018இல் 'கேகேஷிசென்ஸ்8' என்ற தலைப்பிலும் சிறுதொகுப்புகளை வெளியிட்டார். 2016இல் நெக்ஃபு என்ற புகழ்பெற்ற ராப் கலைஞரின் 'சைபோர்க்' தொகுப்பில் ஒரு பாட்டில் சேர்ந்து பாடினார். முழுநீளத் தொகுப்பான 'அடியோஸ் பஹாமாஸ்' 2020 ஜனவரி 10 அன்று, அவர் இறந்து 62ஆம் நாளில் வெளிவந்தது. இவற்றோடு, கே.எல்.எம். என்ற வேறொரு பெயரில் தாளக்கட்டுகளையும் அவரே அமைத்துவந்தார் என்பதைச் சேர்த்துக்கொண்டால், எலும்புக்கூடு தயார்.

இந்தச் சிறு தாளிலேயே நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். ஓர் ஆண்டு மலருக்கு எழுதிய கட்டுரையில், கடைசித் தொகுப்பை "நண்பர்கள் அவர் விட்டுச்சென்ற துண்டுகளைச் சேர்த்து முடித்தார்கள்" என்று எழுதிவிட்டேன். இறப்புத் தேதிக்குப் பின்னால் வெளியீட்டுத் தேதி வந்ததால், அப்படித்தான் இருக்கும் என்று என் மனமே ஒரு கதையைக் கட்டிக்கொண்டது. உண்மையில் அந்தத் தொகுப்பை அவர் தம் வாழ்நாளிலேயே முடித்துவைத்திருந்தார். வெளியீடு மட்டுமே பின்னால் நடந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. பிறர் ஒட்டித் தைத்ததாக எழுதினால் ஒவ்வொரு பாட்டையும் அரைகுறையாகவே வாசகர் கேட்பார். அவரே முடித்துவைத்தது என்று தெரிந்தால் பாட்டுகளின் வரிசையைக்கூட நெபாலின் முடிவாக எடுத்துக்கொண்டு கேட்பார். ஆகவே, இறந்தபின் வெளிவந்த எந்தப் படைப்பைப் பற்றியும் எழுதும்போது, முடித்த நாள், வெளியிட்ட நாள் என்று இரண்டு கட்டங்களைத் தாளில் தனித்தனியே போடுங்கள். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

தேதிகளைச் சரிபார்க்கப் பிரான்சில் நல்ல வசதி இருக்கிறது. அச்சான நூல்களில் ஒரு படியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை அந்த நாட்டில் 1537இலேயே முதலாம் பிரான்சுவா மன்னர் கொண்டுவந்தார். ஒலிப்பதிவுகளும் 1938 முதல் அதற்குள் வந்துவிட்டன. எனவே, இசைத்தட்டாகவோ குறுந்தகடாகவோ வந்ததைத் தேசிய நூலகப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். பாட்டை இயற்றியவர், இசையமைத்தவர் யார் என்பதற்கு, 1851இல் தொடங்கப்பட்ட சாசெம் என்ற உரிமைத்தொகைச் சங்கத்தின் பட்டியல் உதவும். தேடும்போது ஓர் இடைஞ்சல் வரும். கலைஞரின் பெயரை மட்டும் போட்டால் நேபாளம் என்ற இமயமலையடி நாடுதான் வந்து நிற்கும். தொகுப்பின் பெயரைச் சேர்த்தே தேடுங்கள்.

அடுத்து, கேட்பது. பெரும்பாலோர் இதை அவசரமாக முடித்துவிட்டு எழுதப் போய்விடுகிறார்கள். என் கணக்கில், ஒரு நாள் எழுத ஒன்பது நாள் கேட்க வேண்டும். மொழி தெரியாவிட்டாலும் முதல் மூன்று நாள் கேட்கலாம். தெரியாமல் கேட்பதே அப்போது நல்லது என்றும் சொல்வேன். பொருள் குறுக்கே வராதபோது காது தாளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ராப் பாட்டில் ஒரு பத்தி பெரும்பாலும் 16 சுற்று கொண்டது. ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு. ஆக 64 தட்டு. நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில் ஓடும் பாட்டானால், ஒரு பத்தி ஏறக்குறைய 43 நொடியில் முடிந்துவிடும். நம் கணக்கில் சொன்னால், எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம். நெபாலின் தொடக்ககாலச் சிறுதொகுப்பு ஒன்றுக்கே 'பதினாறு பதினாறாக' என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார். அந்தப் பதினாறு, தறிக்காரருக்குப் பாவு நீளம் போல, ராப் பாடுபவருக்கு வேலையின் அளவு. தொடையில் கைவைத்து நான்கு நான்காகத் தட்டி எண்ணுங்கள். எந்தத் தட்டில் சொல் விழுகிறது, எந்தத் தட்டை அவர் வேண்டுமென்றே காலியாக விடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் வள்ளி கும்மி ஆடிப் பழகிய ஒரு பெண்மணி, ஒரு சொல்கூடப் புரியாமலேயே, இரண்டாம் முறை கேட்டபோது பத்தி எங்கே முடிகிறது என்று சரியாகச் சொன்னார். அவர் காலுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு எதுகை. தமிழ்க் காது அடியின் தொடக்கத்தில், முதல் எழுத்திலோ இரண்டாம் எழுத்திலோ ஒலி ஒத்துவருவதைத் தேடும். எதுகையும் மோனையும் அங்கேதான் இருக்கின்றன. பிரெஞ்சு ராப்பில் ஒலிப்பொருத்தம் அடியின் கடைசியில், நாம் இயைபு என்று சொல்லும் இடத்தில், இருக்கும். பிரெஞ்சு மொழியில் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் விழுவது இயல்பு. ஆகவே கடைசி ஒலி காதில் ஆணி அடித்தாற்போல் இறங்கும். தேர்ந்த ராப் கலைஞர் இதோடு நிற்கமாட்டார். கடைசி அசை ஒன்றை மட்டும் பொருத்தாமல் இரண்டு, மூன்று, நான்கு அசைகளைத் தொடர்ந்து பொருத்துவார். இயல்பான அழுத்தத்தை இடம் மாற்றித் தாளத்துக்குக் குறுக்கே ஓட்டுவார். ஒரு பாட்டை எடுத்து, ஒத்த ஒலிகளை வண்ணப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் பாருங்கள். அந்தத் தாள்தான் உங்கள் கட்டுரையின் மிக உறுதியான சான்று. எந்தப் பேட்டியும் அதற்கு ஈடாகாது.

தாளக்கட்டுக்கும் ஒரு சொல். திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் எனக்கு, சாம்பிள் என்றால் பையரின் ஒப்புதலுக்கு அனுப்பும் துணி. ராப் பாட்டு பிறந்த ஹிப்-ஹாப் இசைமரபில் சாம்பிள் என்பது பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்து, சுழலவிட்டுப் புதிய பாட்டுக்கு அடித்தளமாக்கும் துண்டு. நம் ஊர்ச் சொல்லில் அது கட்பீஸ். கே.எல்.எம். என்ற பெயரில் நெபால் செய்த வேலையை எழுதும்போது, பாடியவரும் இசை கட்டியவரும் ஒருவரே என்பதை வாசகருக்கு நினைவூட்டிக்கொண்டே இருங்கள். தாமே வெட்டித் தாமே தைத்து உடுத்தியவர் அவர். சொல் நிற்கவேண்டிய இடத்தில் தாளமும் நிற்பதற்கு அது ஒரு காரணம்.

பள்ளியில் படித்த பிரெஞ்சே இந்தப் பாட்டுகளுக்குப் போதும் என்று நம் மாவட்டங்களில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. நாமக்கல், ஈரோடு, கோவைப் பக்கம் பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்துப் படித்தவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் எங்கள் குழுவுக்கு வந்து, முதல் பாட்டிலேயே ஒன்றும் பிடிபடாமல் சோர்ந்துபோனார்கள். அது அவர்கள் குற்றமன்று. 'எனக்குத் தெரியாது' என்பதற்குப் பாடப்புத்தகம் 'ஜு ந ஸே பா' என்று கற்பிக்கும். தெருவில் அது 'ஷே பா' என்று சுருங்கிவிடும். 'போகவேண்டும்' என்று படித்துவிட்டு வருபவர் அந்தியூர்ச் சந்தையில் 'போகோணும்' என்பதைக் கேட்கும்போது படும் பாடுதான் இது.

அதற்கு மேல் வேர்லான் என்ற தலைகீழ்ப் பேச்சு இருக்கிறது. 'தலைகீழ்' என்று பொருள்படும் லான்வேர் என்ற சொல்லையே அசை புரட்டினால் கிடைப்பது வேர்லான். பெண்ணைக் குறிக்கும் ஃபாம் என்பது மஃப் ஆகும். பைத்தியத்தைக் குறிக்கும் ஃபூ என்பது ஊஃப் ஆகும். சந்தேகத்துக்குரியது என்ற பொருள் கொண்ட லூஷ் என்பது ஷலூ ஆகும். பெரியவர்களுக்குப் புரியாமலிருக்க நம் பிள்ளைகள் ஒவ்வொரு எழுத்துக்கு முன்னும் 'க' சேர்த்துப் பேசும் க-பாஷையை நினைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு, வேர்லான் சொற்கள் பல பொதுப் பேச்சிலேயே நிலைத்து அகராதியிலும் ஏறிவிட்டன. ஒரு பள்ளிக்கூட நோட்டை இரண்டாக மடித்து, இடப்பக்கம் பாட்டில் காதில் விழுந்த வடிவம், வலப்பக்கம் அகராதி வடிவம் என்று எழுதி வாருங்கள். நாற்பது சொல் சேர்ந்தபின் பாட்டு மெல்லத் திறக்கும்.

நெபால் போன்றவர்களுக்குத் தரும் 'தலைமறைவு ராப்' (அண்டர்கிரவுண்ட்) என்ற அடைமொழியை விளக்காமல் பயன்படுத்தினால் வாசகர் சட்டத்துக்குப் பயந்து ஒளிந்தவர் என்று எண்ணிவிடுவார். பிரான்சில் அதன் பொருளை வானொலியோடு சேர்த்தே புரிந்துகொள்ள முடியும். 1984இல் சிட்னி என்பவர் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஹிப்-ஹாப்பை அந்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 1990களில் எம்.சி. சோலார் என்ற கலைஞர், மார்செய் நகரத்து ஐயாம் குழு, பாரிஸின் வடக்குப் புறநகரத்து என்.டி.எம். குழு ஆகியோர் அதை நாடறிந்த கலையாக்கினார்கள். 1994இல் இயற்றிய சட்டத்தின்படி, 1996 ஜனவரி முதல் வானொலி நிலையங்கள் தாம் ஒலிபரப்பும் பாட்டுகளில் குறைந்தது 40 விழுக்காடு பிரெஞ்சு மொழிப் பாட்டுகளாக இருக்க வேண்டியதாயிற்று. அதில் பாதி புதியவர்களுக்கோ புதிய வெளியீடுகளுக்கோ உரியது. பிரெஞ்சில் புதிய பாட்டுகளைக் குவித்துக்கொண்டிருந்தவர்கள் ராப் கலைஞர்கள். ஆகவே ராப்புக்குக் கதவு அகலத் திறந்தது. கதவு திறந்தபோது, வானொலிக்கேற்ற நீளம், வானொலிக்கேற்ற பல்லவி, வானொலிக்கேற்ற பேச்சு என்ற அளவுகோலும் கூடவே வந்தது. அந்த அளவுகோலுக்குத் தம்மை வெட்டிக்கொள்ளாதவர்களையே தலைமறைவுக்காரர்கள் என்கிறார்கள்.

அப்படி நின்றவர்களின் வரலாற்றுக்கு எதிர்பாராத இடங்களிலிருந்தும் சான்று கிடைக்கும். லா ருமர் என்ற ராப் குழுவின் ஆமே, 2002இல் தொகுப்போடு வெளியிட்ட இதழில் காவல்துறையைக் குறித்து எழுதிய கட்டுரைக்காக உள்துறை அமைச்சகம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, 2010இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு ராப் கலைஞரின் எட்டாண்டு வாழ்க்கை நீதிமன்றத் தீர்ப்புகளில் பதிவாகியிருக்கிறது. உங்கள் கலைஞருக்கு இப்படிப் பொது ஆவணம் ஏதேனும் உண்டா என்று பாருங்கள். நெபாலுக்கு வழக்கு ஏதும் தேட வேண்டியதில்லை. அவருடைய ஆவணம் ஒலியாகவே இருக்கிறது.

இப்போது மிகவும் தயங்கி நிற்கவேண்டிய இடத்துக்கு வருகிறோம். அவருடைய இயற்பெயரும் படமும் அவர் இறந்தபின் பல இடங்களில் வெளியாகிவிட்டன. நான் அவற்றை எழுதுவதில்லை. மூடியது அவர் கை. திறக்கும் உரிமை எனக்கு இல்லை. இறப்பின் காரணத்தைப் பற்றியும் ஊகம் எழுதாதீர்கள். குடும்பம் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். அதற்குப் பதிலாக, மறைப்பை அவர் கலையாக்கிய விதத்தை எழுதுங்கள். அது எழுத எழுதத் தீராதது. 'கேகேஷிசென்ஸ்8' என்ற தலைப்பை உரக்கப் படித்தால் 'கக்காஷி சென்செய்' என்று காதில் விழும். நருட்டோ என்ற ஜப்பானிய மங்கா கதையில் முகத்தின் கீழ்ப்பாதியை எப்போதும் துணியால் மூடியிருக்கும் ஆசிரியரின் பெயர் அது. முகமூடி அணிந்த கலைஞர், முகமூடி அணிந்த ஆசானின் பெயரைத் தம் தொகுப்புக்குச் சூட்டி, அந்தப் பெயரையும் எழுத்தும் எண்ணுமாகக் கலைத்து மறைத்துவைத்திருக்கிறார். இந்த ஒரு தலைப்பை விளக்கினாலே, பத்துப் புகைப்படங்கள் சொல்லாததை வாசகர் அறிந்துகொள்வார்.

தமிழ்நாட்டிலிருந்து எழுதுபவருக்கு வரும் ஒரு சபலத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசித் தொகுப்பில் 'தருமா' என்றொரு பாட்டு உண்டு. தருமா என்பது ஜப்பானிய வேண்டுதல் பொம்மை. கண் வரையப்படாமல் வரும். வேண்டிக்கொள்ளும்போது ஒரு கண்ணையும், வேண்டுதல் நிறைவேறியபின் மறு கண்ணையும் வரைவார்கள். அந்தப் பெயர் போதிதருமரைக் குறிக்கிறது. அவர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்பது நம்மிடம் வழங்கும் மரபு. இதைப் பார்த்ததும் 'பாரிஸ் ராப்பில் ஒரு தமிழர்' என்று தலைப்பிடக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். நெபால் பாட்டுக்குப் பெயராக எடுத்தது ஜப்பானிய பொம்மையை. அந்தப் பொம்மைக்குப் பின்னால் இருக்கும் நெடும்பயணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லி நகர்ந்துவிடுங்கள். முழு ஒப்பீடு வேண்டுமானால், இரண்டாம் கண் வரையப்படும் முன்பே தொகுப்பை முடித்துவைத்துவிட்டு ஒருவர் போய்விட்டார் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

நம் மண்ணோடு ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொழில்முறையில் ஒப்பிடும்போது பொருத்தம் நன்றாகவே அமையும். அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடுவது கொங்கு நாட்டு மரபு. பொன்னர், சங்கர், தங்காள் என்ற பெயர்கள் நமக்கெல்லாம் தெரியும். பாடியவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1960களில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது அந்தக் கதையைப் பாடகர் வாயிலிருந்தே ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதனால் ஒரு பாடகரின் குரலும் மூச்சும் நமக்கு மிஞ்சின. அவர் செய்ததில் நாம் கற்கவேண்டியது, கதையை மட்டும் சுருக்கி எழுதாமல் பாடிய விதத்தையும் காத்துவைத்ததுதான். ராப் கலைஞரைப் பற்றி எழுதும்போதும் 'இந்தப் பாட்டு தனிமையைப் பற்றியது' என்று பொருள் சொல்லி முடித்துவிடாமல், எந்த இடத்தில் குரல் தாழ்கிறது, எங்கே மூச்சு கேட்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

வரிகளை மேற்கோள் காட்டுவதில் அளவு தேவை. விமர்சனத்துக்காகச் சில வரிகளை எடுத்தாள இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது; முழுப் பாட்டையும் மொழிபெயர்த்து வெளியிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். பிரெஞ்சுச் சட்டத்தில் படைப்பாளியின் தார்மிக உரிமைக்குக் காலவரம்பே கிடையாது. மொழிபெயர்க்கும் இரண்டு வரியில், பொருளை ஒரு வரியாகவும், ஒலியைத் தமிழ் எழுத்தில் இன்னொரு வரியாகவும் தாருங்கள். இயைபைத் தமிழிலும் கொண்டுவரப் போய் அவர் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டாம்.

அவர் விட்டுச்சென்றதை எடைபோட, எண்ணிக்கைகளை நான் நம்புவதில்லை. ஒரு பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்பது நாளுக்கு நாள் மாறும். யார் எதைத் தொடர்ந்து செய்கிறார்கள் என்று பாருங்கள்: கூட்டாளிகள் தொடர்ந்து பாடுகிறார்களா, இளையவர்கள் முகம் மறைத்து வேலையை முன்னிறுத்தும் வழியை எடுத்துக்கொண்டார்களா, கடைசித் தொகுப்பை வெளியிட்டவர்கள் அவர் விருப்பத்தை மதித்தார்களா. என் சொந்தச் சான்று ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். ஷிப்மென்டுக்கு முந்தைய இரவுகளில் பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, பிரான்சுக்குப் போகும் டி-ஷர்ட்டின் கழுத்து லேபிளைச் சரிபார்த்துக்கொண்டே நான் அவரைக் கேட்டிருக்கிறேன். எங்கள் பனியன் அங்கே போனது. அவர் குரல் இங்கே வந்தது.

எழுதி முடித்தபின், அச்சுக்குக் கொடுக்கும் முன், குழுவில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். கட்டுரைக்கு நடுவே பாட்டை ஒலிக்கவிடுங்கள். நீங்கள் 'இங்கே தாளம் நிற்கிறது' என்று எழுதிய இடத்தில் அது உண்மையிலேயே நிற்கிறதா என்று கேட்பவர்களே சொல்லிவிடுவார்கள். எங்கள் கூட்டத்தில் அப்படி இரண்டு இடங்களைத் திருத்தினேன். முதலில் கேள்வி கேட்ட அந்த மாணவர் இப்போது ஒரு நோட்டு வாங்கி இரண்டாக மடித்திருக்கிறார். போன மாதம் பார்த்தபோது இடப்பக்கத்தில் இருபத்தேழு சொற்கள் இருந்தன.